வஞ்சிரத்தில் எந்தப் பாதரசம்?

கேள்வி: தெர்மாமீட்டர் உடைந்தால் உருளுமே, அந்தப் பாதரசமும் மீனில் இருக்கிற பாதரசமும் ஒன்றா?
– வாசகர், லாஸ்பேட்டை

தனிமம் ஒன்று, குணம் வேறு. தரையில் உருளும் வெள்ளி மணியைப் பிள்ளை விழுங்கிவிட்டால் குடல் பெரும்பாலும் அப்படியே வெளியே தள்ளிவிடும். பயப்பட வேண்டியது அதன் ஆவிக்குத்தான். மீனில் பெரும்பகுதி மெத்தில் பாதரசம், அதாவது மெத்தில் என்ற கார்பன் தொகுதி ஒட்டிய பாதரசம். அது குடலில் நிற்காமல் இரத்தத்தில் ஏறி மூளைவரை போகும். வயிற்றுப் பிள்ளையையும் விடாது. 1956இல் ஜப்பானின் மினமாட்டாவில் வெளிப்பட்ட நோய்க்கு இதுவே காரணம்.

கேள்வி: பார்வைக்குத் தெரியாத இரண்டையும் லேபில் எப்படிப் பிரிக்கிறார்கள்?
– வாசகி, குருசுக்குப்பம்

முதலில் மீன் சதையை நைசாக அரைக்க வேண்டும். பலமான அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்தால் மெத்தில் கழன்று எல்லாம் ஒரே ரகமாகிவிடும். மொத்தக் கணக்கு வரும், ரகம் தெரியாது. அதனால் கந்தகம் அடங்கிய சிஸ்டீன் கரைசலில் மிதமான சூட்டில் வைப்பார்கள். கந்தகத்தைக் கண்டால் பாதரசம் விடாது. சதையை விட்டுவிட்டு சிஸ்டீனோடு ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

வடிகட்டிய சாற்றை, நுண்ணிய பொடி அடைத்த சிறிய ஸ்டீல் குழாய்க்குள் அழுத்தத்தோடு செலுத்துவார்கள். இரண்டு ரகமும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்து தனித்தனியாக வெளியே வரும். வந்ததைச் சுடச்சுட ஆர்கான் பிளாஸ்மா அணுக்களாக உடைக்க, 202 என்ற நிறையைக் குறிவைத்துக் கருவி எண்ணும். திரையில் இரண்டு மேடு எழும்: ஒன்று மெத்தில் ஒட்டாத கனிமப் பாதரசம், மற்றது மெத்தில். அந்த இரண்டாவது மேட்டின் உயரத்தில்தான் எல்லார் கண்ணும்.

இவ்வளவு விலையுயர்ந்த கருவி இல்லாத லேபுக்கும் வழி உண்டு. ஸ்டேனஸ் குளோரைடு கனிமப் பாதரசத்தை மட்டும் ஆவியாக்கும். அந்த ஆவி 253.7 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து அளக்கலாம். பிறகு எல்லாவற்றையும் உடைத்து மொத்தத்தை அளந்தால், கழித்தல் கணக்கில் மெத்தில் கிடைத்துவிடும்.

கேள்வி: கொடைக்கானல் விவகாரத்துக்கும் புதுச்சேரிக்கும் என்ன சம்பந்தம்?
– வாசகர், முத்தியால்பேட்டை

பாதரசக் கழிவுச் சர்ச்சையில் கொடைக்கானல் தெர்மாமீட்டர் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. பின்னர் ஹைதராபாத் விஞ்ஞானிகள் கொடைக்கானல் ஏரித் தண்ணீரைச் சோதித்தபோது லிட்டருக்கு 356 முதல் 465 நானோகிராம் பாதரசம் இருந்தது. அதில் 50 நானோகிராம் மெத்தில் வடிவம். தெர்மாமீட்டரில் அடைப்பது வெறும் உலோகம். அதை மெத்திலாக மாற்றுபவை ஏரிச் சேற்றில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள். ஆகவே ஆலையில் எது சிந்தியது என்று கேட்டால் போதாது, சேற்றில் அது என்னவாயிற்று என்றும் பார்க்க வேண்டும்.

பாதரசத்தைத் தவிர்ப்பதில் புதுச்சேரி ஒரு நல்ல முன்மாதிரி காட்டியது. காஸ்டிக் சோடா ஆலைகள் பாதரச மின்கலங்களை நம்பியிருந்த காலத்தில், காலாப்பட்டின் கெம்ஃபாப் ஆல்கலீஸ் பாதரசமே வேண்டாத சவ்வு முறையில் 1985இல் உற்பத்தி தொடங்கியது.

கேள்வி: மீனைப் பொரித்தால் பாதரசம் போய்விடுமா?
– வாசகி, வைத்திக்குப்பம்

போகாது. சதையின் புரதத்தோடு ஒட்டியிருப்பதால் மஞ்சள் போட்டு அலசினாலும் இறங்காது. எண்ணெயில் தண்ணீர் வற்றுவதால் கிராமுக்குக் கிராம் கூடித்தான் தெரியும். உணவில் மெத்தில் பாதரசத்துக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.25 மில்லிகிராம். மத்தி, நெத்திலி குறைந்த நாளே வாழ்ந்து சிறியதைத் தின்பதால் அவற்றில் குறைவு. பெரிய சுறாவில் அதிகம். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறச் சுறாப்புட்டு செய்கிற வீடுகள், பெரிய சுறாவைத் தவிர்த்துச் சின்னதாகப் பார்த்து வாங்கட்டும். கர்ப்பிணிக்கு மத்தியே போதும்.