முடி என்றால் முடி அல்ல

இந்தப் பத்தியை எழுதுகிறவன் கையில் ஒரு காலத்தில் லோகோ மைக் இருந்தது என்பதை யாரோ தருமபுரிப் பக்கம் சொல்லிவிட்டார்கள் போலிருக்கிறது. இந்த மாதத் தபாலில் பாதி, டி.வி. நிருபர் ஆவது எப்படி, செய்தி வாசிப்பது எப்படி, பேட்டி எடுப்பது எப்படி என்றே கேட்கிறது. மீதிப் பாதி ராசிபலன் கேட்கிறது. அதற்கு ஆள் வேறு.

கே: செய்தி வாசிப்பாளர் ஆக முகம் முக்கியமா, தமிழ் முக்கியமா?
– கல்லூரி மாணவி, பாலக்கோடு

ப: காது. முகத்தை மேக்கப் அறையில் பார்த்துக்கொள்வார்கள். தமிழை டெஸ்க்கில் இருக்கும் உதவி ஆசிரியர் பார்த்துக்கொள்வார், அதாவது பார்த்துக்கொள்ள வேண்டும். காதை நீங்கள்தான் வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டும்.

ஸ்டுடியோவில் உட்கார்ந்ததும் ஒரு காதில் இயர்பீஸைச் செருகிவிடுவார்கள். நீங்கள் மேட்டூர் நீர்மட்டத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ட்ரோல் ரூமிலிருந்து புரொடியூசர் உங்கள் காதுக்குள் பேசிக்கொண்டிருப்பார். அடுத்த செய்தி மாறிவிட்டது, விஷுவல் இன்னும் வரவில்லை, அரூர் நிருபர் லைனில் காத்திருக்கிறார், இன்னும் பதினைந்து விநாடி, பத்து, ஐந்து. வாய் ஒன்றைச் சொல்லும், காது இன்னொன்றைக் கேட்கும், முகமோ ஒன்றுமே நடக்காததுபோல் இருக்க வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் சாதாரணம்.

என் முதல் புல்லட்டினில் கடைசிச் செய்தியை இழுத்துக்கொண்டிருந்தேன். காதுக்குள் “முடி... முடி...” என்று குரல். நான் மெல்ல இடது கையைத் தூக்கித் தலையைக் கோதிவிட்டேன். “யோவ், முடிய்யா!” என்று மறுபடி குரல். வலது பக்கமும் கோதினேன். விளம்பரத்துக்கான நேரம் பன்னிரண்டு விநாடி போனது. அன்று இரவு கேன்டீனில் எனக்குச் சீப்பு ஒன்று பரிசளித்தார்கள். இன்றும் வைத்திருக்கிறேன், முடிதான் இல்லை.

பயிற்சி வேண்டுமானால், பக்கத்தில் ரேடியோவை ஓடவிட்டு நாளிதழைச் சத்தமாக வாசியுங்கள். பத்து நிமிடம் கழித்து ரேடியோவில் என்ன சொன்னார்கள் என்று எழுதிப் பாருங்கள். முதல் வாரம் அழுகை வரும்.

கே: எனக்கு ‘ழ’ வராது. வாய்ப்பு உண்டா?
– தனியார் நிறுவன ஊழியர், காரிமங்கலம்

ப: உண்டு. நாக்கு நுனியை வளைத்து மேலண்ணத்தை வருடினால் ‘ழ’ என்பதைத் தொல்காப்பியரே சொல்லிக் கொடுத்துவிட்டார். கட்டணம் கிடையாது. மூன்று மாதம் பழகினால் வந்துவிடும். ஒரு பயிற்சி ஆசிரியர் இதற்கு இருபதாயிரம் வாங்கினால் அதில் பத்தொன்பதாயிரம் ஏ.சி.க்கு.

நான் பயப்படுவது ‘ழ’வுக்கு அல்ல, ஊர்ப் பெயருக்கு. நம் பக்கத்து ‘அள்ளி’களைச் சென்னை ஸ்டுடியோக்கள் படுத்துகிற பாடு உங்களுக்கே தெரியும். மாரண்டஅள்ளி ‘மாரண்டஹள்ளி’ ஆகும், இல்லையென்றால் ‘மாரண்டா’ ‘அள்ளி’ என்று இரண்டு ஊராகப் பிரியும். பாப்பிரெட்டிப்பட்டி பக்கம் ஏ.பள்ளிப்பட்டி இருக்கிறது, பி.பள்ளிப்பட்டியும் இருக்கிறது. ஓர் எழுத்து மாறினால் விபத்து ஒரு ஊரில் நடக்கும், பதறிக்கொண்டு ஓடுவது இன்னொரு ஊர். இந்தப் பெயர்களைத் திக்காமல் சொல்ல உங்களுக்கு வரும், சென்னைக்காரருக்கு வராது. பயோடேட்டாவில் இதை எழுத இடமில்லை, நேர்முகத்தில் சொல்லுங்கள்.

நல்ல உச்சரிப்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு, ஆகாசவாணியில் டெல்லியிலிருந்து தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயண்ஸ்வாமியைப் பற்றி உங்கள் அப்பாவிடம் கேளுங்கள். 2022-ல் காலமானார். முகம் தெரியாமலேயே தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவர்.

கே: டி.வி.யில் செய்தி வாசிக்க இன்னார்தான் என்று விதி ஏதும் உண்டா?
– பெயர் வேண்டாம், நல்லம்பள்ளி

ப: விதி இல்லை, வழக்கம் உண்டு. கோவை லோட்டஸ் நியூஸில் 2014 ஆகஸ்ட் 15 அன்று பத்மினி பிரகாஷ் என்ற திருநங்கை செய்தி வாசித்தார். அந்த வழக்கம் அன்று மாலையோடு போயிற்று. உங்கள் பெயரை அடுத்த முறை போட்டுக்கொள்ளலாமா?

கே: ஒகேனக்கல்லிலிருந்து லைவ் கொடுக்கப் பழக வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?
– யூடியூப் சேனல் நடத்துபவர் (சந்தாதாரர் 312), பென்னாகரம்

ப: முதலில் சத்தம். ‘கொட்டும் அருவி பின்னணியில்’ என்று ஆசைப்பட்டு விளிம்பில் போய் நின்றால், நேயருக்கு நீங்கள் வாய் அசைப்பது தெரியும், அருவி பேசுவது கேட்கும். மைக்கின் முதுகு அருவியைப் பார்க்க வேண்டும், தலை உங்கள் வாயைப் பார்க்க வேண்டும், இடைவெளி நாலு விரல். காற்றுக்குப் பஞ்சு உறை கட்டாயம். ஒளிப்பதிவாளர் சொல்கிற இடத்தில் நில்லுங்கள். “இன்னும் ஓரடி பின்னால” என்று மட்டும் சொன்னால் திரும்பிப் பாருங்கள்.

அடுத்தது கணக்கு. நம் மாவட்ட நிருபர்களுக்கு ஆடி மாதம் தினசரிச் சோறு போடுவது ‘நீர்வரத்து’. “ஒகேனக்கல்லுக்கு 20 ஆயிரம் கன அடி தண்ணீர் வருகிறது” என்கிறோம். எவ்வளவு நேரத்தில்? ஒரு நாளிலா, ஒரு மாதத்திலா? ‘விநாடிக்கு’ என்ற ஒரு சொல் இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு கன அடி என்பது ஏறக்குறைய 28 லிட்டர், நம் வீட்டுக் குடத்தில் இரண்டு. ஆக, விநாடிக்கு 20 ஆயிரம் கன அடி என்றால் கண் மூடித் திறப்பதற்குள் நாற்பதாயிரம் குடம். இப்படிச் சொன்னால் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிற அம்மாவுக்குப் புரியும், கோபமும் வரும்.

இதே கணக்கில், விநாடிக்கு சுமார் 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. பிலிகுண்டுலுவில் காவிரி நீர்வரத்தை அளக்கிற எண் கையில் இருந்தால், மேட்டூருக்கு நாளொன்றுக்கு என்ன சேரும் என்று நீங்களே தோராயமாகச் சொல்லலாம். இதைச் செய்கிறவரை எடிட்டர் மறக்க மாட்டார். ‘ஆர்ப்பரித்துக் கொட்டுகிறது’, ‘சுற்றுலாப் பயணிகள் ஏமாற்றம்’ இரண்டையும் சொல்லாமல் ஒரு லைவை முடித்துவிட்டால் எனக்கு எழுதுங்கள், 313-வது சந்தா என்னுடையது.

கே: பைக்கில் ‘பிரஸ்’ ஸ்டிக்கர் ஒட்டினால் நிருபரா?
– டீக்கடை வாசகர் வட்டம், தருமபுரி பேருந்து நிலையம்

ப: அயர்ன் கடைக்காரரும் ஒட்டிக்கொள்ளலாம். அவராவது உண்மையிலேயே ‘பிரஸ்’ பண்ணுகிறார்.

கே: பேட்டியில் நல்ல கேள்வி என்றால் என்ன? கோபமாகக் கேட்பதுதானே?
– சட்டக் கல்லூரி மாணவர், தருமபுரி

ப: ராத்திரி விவாதங்களைப் பார்த்துக் கெட்டுப்போயிருக்கிறீர்கள். ஜெயலலிதாவின் இரண்டு பேட்டிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஒன்று 1999-ல் சிமி கரேவால் எடுத்தது. இன்னொன்று 2004-ல் பி.பி.சி.க்காக கரண் தாப்பர் எடுத்தது. முதலாவதில் அம்மையார் பழைய இந்திப் பாட்டு ஒன்றைப் பாடவே செய்கிறார். இரண்டாவது கசப்பில் முடிகிறது. தாப்பர் பேட்டிதான் ‘தைரியம்’ என்று பாடம் நடத்துவார்கள். நான் இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். அம்மையாரைப் பற்றி எதில் அதிகம் தெரிந்துகொண்டீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அதிகாரத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்டே ஆக வேண்டும், அங்கே தாப்பர்தான் வேண்டும். ஆனால் சிமி ஒன்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறார் பாருங்கள், அந்தச் சும்மா இருத்தலை நம் நெறியாளர்கள் யாரும் கற்கவில்லை. பதில் முடிந்ததும் இரண்டு விநாடி வாயை மூடிக்கொண்டிருங்கள். அந்த மௌனம் தாங்காமல் எதிரில் இருப்பவர் உண்மையைச் சொல்லிவிடுவார்.

கேள்வி சின்னதாக, ஒன்றே ஒன்றாக, கண்ணால் பார்க்கக்கூடியதைப் பற்றி இருக்கட்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லில் காவியும் எலும்பில் வளைவுமாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறோம். அதற்காகத்தான் ஜப்பான் நிதியுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் தொடங்கிவைத்தார்கள். அதிகாரியிடம் “திட்டம் எப்படிச் செயல்படுகிறது, மக்களிடம் வரவேற்பு எப்படி, எதிர்காலத் திட்டம் என்ன?” என்று மூன்றைச் சேர்த்துக் கேட்டால், “சிறப்பாக” என்று ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு எழுந்துவிடுவார். “உங்கள் மேஜையில் இருக்கிற கேன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?” என்று கேட்டுப் பாருங்கள்.

இந்த வித்தைக்குச் சொந்தக்காரி நம் ஊர்க்காரிதான், அதாவது நம் ஊரில் விருந்தாளியாக இருந்தவள். தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமானின் தூதாக ஒளவை போனபோது, அரசன் தொண்டைமான் தன் ஆயுதசாலையைச் சுற்றிக்காட்டினான், அமைச்சர் புதுக் கட்டடத்தைச் சுற்றிக்காட்டுவதுபோல. உன் வேல்களெல்லாம் நெய் பூசி, மாலை சூட்டி, பளபளவென்று காவலோடு இருக்கின்றன, எங்கள் ஆளுடையவை நுனி உடைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாள். ஒரு வசவு கிடையாது, குரல் உயரவில்லை, பார்த்ததை மட்டும் சொன்னாள். தொண்டைமானின் பி.ஆர்.ஓ. அதைப் பாராட்டு என்று நினைத்துப் பத்திரிகைக் குறிப்பில் சேர்த்திருப்பார்.

கே: கிராமத்துப் பெரியவர்களிடம் பைட் (கேமரா முன் சொல்லும் இரண்டு வார்த்தை) வாங்குவது கஷ்டமாக இருக்கிறதே?
– பயிற்சி நிருபர், மொரப்பூர்

ப: “பாட்டி, ஒரு பைட் குடுங்க” என்று கேட்டிருப்பீர்கள். சித்தேரி மலையடிவாரத்தில் என்னிடம் ஒரு பாட்டி, “ஃபைட்டெல்லாம் நமக்கெதுக்கு சாமி, யார்கிட்டயும் பகையில்ல” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மைக்கைப் பையில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்காருங்கள். கேழ்வரகு விளைச்சலைக் கேளுங்கள். அரை மணி நேரத்தில் அவரே, “அதென்ன கருப்பா வச்சிருக்கியே, அதுல பேசணுமா?” என்பார்.

கே: ஒரே பழைய வழக்கைத் திரும்பத் திரும்பச் செய்தியாக்குவதில் என்ன பயன்? நேயருக்கு அலுக்காதா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், அரூர்

ப: ஐயா, உங்கள் தாலுகாவிலிருந்தே பதில். வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டையைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடிவாரக் கிராமத்துக்குள் நுழைந்தார்கள். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-ல். குற்றம்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டிருந்தார்கள், மீதி 215 பேரும் குற்றவாளிகள். மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023-ல், அதே செப்டம்பர் 29-ல். முப்பத்தோரு வருடம். நடுவில் ஒவ்வொரு வாய்தாவும் அலுப்பூட்டும் செய்திதான். அலுக்காமல் எழுதிய உள்ளூர் நிருபர்கள் இருந்தார்கள், அலுக்காமல் நீதிமன்றப் படியேறிய பெண்கள் இருந்தார்கள்.

இளையவர்களுக்கு இதில் இரண்டு விஷயம். தீர்ப்புக்குச் சில மாதங்கள் முன், 2023 மார்ச்சில், மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி பி.வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் போய்ப் பார்த்தார். முழு வழக்குக் கட்டும் மேஜையில் இருந்தும் போனார். ஒரு வாட்ஸ்அப் வீடியோவை வைத்துக்கொண்டு ‘நேரடிக் கள நிலவரம்’ என்று வாசிக்கிற நாம் கொஞ்சம் கூச்சப்படலாம்.

மற்றது, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 228-ஏ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-வது பிரிவு. முகத்தை மங்கலாக்கிவிட்டோம் என்று சொல்லிவிட்டு வீட்டு வாசலையும், தெருமுனைக் கோயிலையும், அண்ணன் பேட்டியையும் காட்டினால், ஊரே யாரென்று சொல்லிவிடும். கேமராவுக்குத்தான் மங்கல், பக்கத்து வீட்டுக்கு அல்ல.

கே: திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியர் அலுவலக வாசலில் கேமராக்கள் காத்திருப்பது ஏன்?
– மனு கொடுக்க வந்தவர், பாப்பிரெட்டிப்பட்டி

ப: இதற்கு நகைச்சுவை வரவில்லை, மன்னிக்கவும். 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீக்குளித்தது. குழந்தைகள் எரிகிற காட்சி நாடு முழுக்கச் சுற்றியது. அந்தக் குடும்பம் அதற்கு முன் எத்தனை முறை மனு கொடுத்தது என்பதுதான் செய்தி. அந்த மனு வரிசையில் நின்று கேட்க ஒரு கேமராகூட இல்லை. மண்ணெண்ணெய் கேன் வந்த பிறகுதான் நாம் வருகிறோம் என்று மக்களுக்குத் தெரிந்துவிட்டது. வரிசையில் நிற்பவரிடம் போய், “இது எத்தனையாவது மனுங்க?” என்று கேட்கிற நிருபர் ஒருவர் தருமபுரியில் உருவானால் போதும். உங்கள் மனு என்ன ஆயிற்று? எழுதுங்கள்.

கே: எங்கே படிக்கலாம்? செலவு?
– பிளஸ் டூ மாணவர், பொம்மிடி

ப: சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் துறை இருக்கிறது, பொம்மிடியிலிருந்து ரயிலிலேயே சேலம் போய்விடலாம். கல்லூரியில் படித்துக்கொண்டே பழக விகடனின் மாணவர் பத்திரிகையாளர் திட்டம் உண்டு. சென்னையில் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் (ஏ.சி.ஜே.) நல்ல இடம், ஆனால் கட்டண விவரத்தை அப்பா உட்கார்ந்த பிறகு சொல்லவும். ‘ஏழே நாளில் ஆங்கர், வேலை உறுதி’ என்ற நோட்டீசை மட்டும் வடை மடிக்கப் பயன்படுத்துங்கள்.

கே: ஒடிசாவில் செயற்கை நுண்ணறிவு ‘லிசா’ செய்தி வாசிக்கிறதாமே. இனி எங்களுக்கு வேலை?
– கவலையோடு ஒரு பட்டதாரி, கடத்தூர்

ப: 2023-லேயே வந்துவிட்டது. திக்காது, சம்பளம் கேட்காது, ‘முடி’ என்றால் முடித்துவிடும். எழுதிக் கொடுத்ததை வாசிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றால் கவலைப்படுங்கள். மாரண்டஅள்ளி சந்தையில் இன்று தக்காளி ஏன் மூன்று ரூபாய் என்று அதற்கு யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும்.

கே: மொரப்பூர்–தருமபுரி ரயில் எப்போது சார் வரும்?
– பெயரே தேவையில்லை, மாவட்டம் முழுக்க

ப: 1941-ல் மூடிய பாதை. புதிய பாதை 36 கிலோமீட்டர், அடிக்கல் நாட்டியது 2019-ல். நான் நிருபராக இருந்தபோதும் இதே செய்தியைக் கொடுத்திருக்கிறேன், என் சீனியரும் கொடுத்திருக்கிறார். ரயில் வருகிற அன்று நடைமேடையிலிருந்து லைவ் கொடுக்கப் போவது இன்று எனக்கு எழுதியவர்களில் யாரோ ஒருவர். முதலில் இறங்குகிறவரிடம் “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்டுவிடாதீர்கள். டிக்கெட் எவ்வளவு என்று கேளுங்கள், பஸ்ஸைவிடக் குறைவா என்று நான் வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.