கோபுரத்து வாத்தியார்

மயிலாப்பூர் மாடவீதிகளை ஒட்டிய சந்துகளில் "வாத்தியார் வீடு எது?" என்று யாரேனும் விசாரித்தால், திவசத்துக்குத் திதி கேட்க வந்தவர் என்றோ, கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் ஜாபிதா வாங்க வந்தவர் என்றோதான் எவரும் அனுமானிப்பார்கள், ஆனால் எங்கள் தெருவில், விசாரிப்பவர் இளைஞராகவும், இராத் தூக்கம் கெட்டுக் கண் சிவந்தவராகவும், கையிலுள்ள மைசூர்பாகுப் பொட்டலத்தைக் கொடுக்கலாமா கூடாதா என்று தயங்குபவராகவும் இருந்துவிட்டால், பூக்காரம்மாள் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேளாமல் நாலாவது வீட்டைக் காட்டிவிடுவாள். இந்த வாத்தியாருக்கும் கோபுரத்துக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் அது கபாலீசுவரர் கோயில் கோபுரமன்று, மீனம்பாக்கத்து டவர். ஆகாயத்தில் விமானங்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும் கன்ட்ரோலர்களுக்குப் பாடம் சொல்லிவிட்டு, அறுபது வயதில் வீடு வந்து சேர்ந்தவர் அவர். இவர் ஜாதியார் அடையாறிலும் தியாகராயநகரிலும் இன்னும் சிலர் உண்டு. ஒருவரைச் சொன்னால் மற்றவர்களுக்கும் பொருந்தும்.

இந்த ஜாதிக்கு க்ஷேத்திரம் அலகாபாத். 1948-இல் ஏற்பட்ட சிவில் விமானப் பயிற்சிக் கல்லூரி அங்கே பம்ரௌலியில் இருக்கிறது. பாவத்தைத் தொலைக்கப் பிறர் போகும் ஊருக்கு இவர் முதலில் மாணாக்கராகவும், பிறகு போதகராகவும் போனபோது, உறவினர் அனைவரும் அதைக் காசியாத்திரையின் ஒரு பகுதியாகவே பாவித்தமையால், ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது பெட்டியில் பாடப்புஸ்தகங்களைக் காட்டிலும் ஈயம் பூசி அடைத்த கங்கைச் செம்புகளே அதிகம் இருந்தனவாம்.

அவர் சொல்லிக்கொடுத்த வித்தையின் பெரும்பகுதி, பையன்கள் பேசக் கற்றதை மறக்கச் செய்வது. கதை கேட்பவர் 'ம்' கொட்டாவிட்டால் சொல்பவருக்குக் கதை நகராத தேசம் நம்முடையது. "சரி சரி" என்றால் சம்மதமும் ஆகும், "ஆளை விடு" என்றும் ஆகும். தலையை ஆட்டினாலோ, ஆட்டியவருக்கே அது எந்தப் பக்கம் என்று தெரியாது. மேலும் தலையாட்டல் ரேடியோவில் கேட்பதும் இல்லை. ஆகையால் வாத்தியாரின் சாம்ராஜ்யத்தில் 'ரோஜர்' என்றால் சொன்னது வந்து சேர்ந்தது என்று மட்டுமே பொருள்; அதன்படி செய்கிறேன் என்பதற்கு 'வில்கோ'; ஆம் என்பதற்கு 'அஃபர்ம்', இல்லை என்பதற்கு 'நெகடிவ்'. உயரம், ரன்வே, திசை இவற்றைச் சொன்னால் கேட்ட விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், அது ரீட்பேக். திருப்பிச் சொன்னதைக் கன்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்கவும் வேண்டும். இந்த இரண்டாவதுதான் கஷ்டம் என்பார். நாம் எதிர்பார்த்ததையே காது கேட்டுத் தொலைக்குமாம். 1996 நவம்பர் 12-ஆம் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரி வானத்தில் இரண்டு விமானங்கள் மோதி 349 பேர் மாண்டதைப் பற்றி அவர் பேச நேரும்போது மட்டும் ஊஞ்சலைக் காலால் நிறுத்திவிடுவார். விமானிகளும் கன்ட்ரோலர்களும் ஆங்கிலப் பேச்சில் குறைந்தது நாலாம் படியேனும் தேறவேண்டும் என்று உலகமெங்கும் விதி பிறந்ததற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

ஊஞ்சல் மறுபடி ஆடத் தொடங்கினால், அகப்பட்டவன் பால்காரப் பையன். "நாளைக்கு ரெண்டு பாக்கெட் போதும்" என்பார் வாத்தியார். "சரி சார்" என்பான். "ரீட்பேக்!" என்று ஒரு குரல் எழும்பும். "நாளைக்கு ரெண்டு பாக்கெட்டு, நீலம்" என்று அவன் ஒப்பிப்பான். புத்திசாலிப் பையன், ஒரு மாதம் கழித்து, "போன மாச பாக்கி நூத்தி இருபது ரூபா. ரீட்பேக் பண்ணுங்க சார்" என்று சைக்கிளிலிருந்து ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு அவன் கேட்டபோது, சிஷ்யன் குருவை மிஞ்சிய பெருமிதத்தில் வாத்தியார் பாக்கியைத் தீர்த்ததோடு ஐந்து ரூபாய் சேர்த்தும் கொடுத்தார்.

இதைக்காட்டிலும் பெரிய யுத்தம் 'கிளம்பிட்டேன்' என்ற சொல்லோடு நடப்பது. 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில், மூடுபனியில், ஓடுபாதையிலேயே இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பின்னர், 'டேக்-ஆஃப்' என்ற சொல்லைப் புறப்படுவதற்கு அனுமதி கொடுக்கும்போதோ, கொடுத்ததை ரத்துச் செய்யும்போதோ தவிர வேறெங்கும் உச்சரிக்கலாகாது, மற்ற சமயங்களில் 'டிபார்ச்சர்' என்றே வழங்கவேண்டும் என்று விதி செய்தார்கள். அந்த விதியைப் பத்து வருஷம் பிறருக்குப் போதித்தவருடைய மைத்துனரோ, மேற்கு மாம்பலத்தில் தலையில் எண்ணெயோடு உட்கார்ந்துகொண்டே "கிளம்பியாச்சு, பனகல் பார்க்கண்டை வந்துட்டேன்" என்று டெலிபோனில் சொல்லக்கூடிய பிரகிருதி. இந்நகரத்தில் 'கிளம்பிட்டேன்' என்பது ஓர் உத்தேசமே அன்றி ஒரு செய்தியன்று என்று நான் எவ்வளவோ எடுத்துச் சொல்லியும், வாத்தியார் ஏற்கவில்லை.

அதன் விளைவுதான் ஸ்ட்ரிப்புகள். ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு நீளத் துண்டுக் காகிதம் எழுதிப் பிளாஸ்டிக் சட்டத்தில் செருகிப் பலகையில் வரிசையாக அடுக்குவது டவர் வழக்கம். இப்போது அவை பல இடங்களில் திரைக்குள் போய்விட்டன. வாத்தியார் வீட்டில் போகவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஓர் அங்குல அகலத்துக்கு நறுக்கி, பின்பக்கத்தில் பெயர், போன நேரம், போன இடம், திரும்பும் நேரம் என்று கட்டம் கட்டி, ரேழியில் ஒரு மரச்சட்டத்தில் அடுக்கியிருப்பார். மாமி ரங்கநாதன் தெருவுக்குப் போனால், 'திரும்பும் நேரம்' என்ற கட்டம் எப்போதும் காலி. சொன்ன நேரத்துக்கு ஒருவர் வராவிட்டால் அவர் ஸ்ட்ரிப்பைச் சற்றே சாய்த்து வைப்பார். கவனம் தேவை என்று அர்த்தம். மைத்துனரின் ஸ்ட்ரிப் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

மாமியோ இந்த சாஸ்திரத்திலிருந்து தமக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டவர். மேல்காற்று அடிக்கும் நாட்களில் விமானங்கள் கடற்பக்கமிருந்து எங்கள் தலைக்கு மேலாகத் தணிந்து வந்து 25 என்ற ரன்வேயில் இறங்கும். கடற்காற்று விழுந்து வலுத்தால் திசை மாறி, 07 என்று எதிர்ப்பக்கமிருந்து இறங்கத் தொடங்கும். மொட்டைமாடியில் வடாம் பிழிந்துவைத்துவிட்டு மாமி சமையலறையில் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். இறங்கும் இரைச்சல் நின்றதா, ஈரக்காற்று வந்துவிட்டது, வடாத்தை எடு. வானிலை ஆய்வு நிலையத்தார் பிழைத்தாலும் பிழைப்பர். அந்த வடாம் நமுத்து நான் தின்றதில்லை.

சிமுலேட்டரில் அவர் செய்த அக்கிரமங்களைப் பழைய சிஷ்யர்கள் சொல்லக் கேட்கவேண்டும். இல்லாத ஆகாயம், இல்லாத விமானங்கள், பக்கத்து அறையில் பைலட் வேஷம் போட்டுக்கொண்டு பேசுகிற நாலு பேர். ஒரே முற்பகலில் ஒரு விமானத்தின் இஞ்சினை அணைத்து, இன்னொன்றில் பிரயாணிக்கு மார்வலி வரவழைத்து, மூன்றாவதன் ரேடியோவை ஊமையாக்கி, இவ்வளவுக்கும் பிறகு பையனைக் காண்டீனுக்கு அழைத்துப்போய் அவரே காபி வாங்கிக்கொடுத்து, எங்கே தப்பினாய் என்று சாந்தமாகக் கேட்பாராம்.

ஆனால் உண்மையான பரீட்சை சிமுலேட்டரில் இல்லை. நிஜ விமானங்கள் பறக்கும்போது, பையன் முன்னாலும், தாமும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு வாத்தியார் பின்னாலும் உட்காரும் நாட்களில்தான். குரல் பையனுடையது; பொறுப்பு வாத்தியாருடையது; வேண்டுமானால் குறுக்கே புகுந்து தாமே பேசலாம். ரேடாரில் இரண்டு புள்ளிகள் நெருங்குகின்றன. பையன் கவனித்தானா, இல்லையா? இப்போதே சொல்லிவிட்டால் அவன் ஜன்மத்துக்கும் தானாகப் பார்க்கக் கற்கமாட்டான்; தாமதித்தாலோ ஐந்து மைல் இடைவெளி நாலேமுக்காலாகி விசாரணைக்கு நிற்கவேண்டும். "எத்தனை விநாடி வாயை மூடிண்டிருக்கலாம்னு கணக்குப் போடறதுக்குத்தான் சார் எனக்குச் சம்பளம் கொடுத்தா" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அலமாரியிலிருந்து ஒரு காபிப்பொடி டப்பாவை எடுத்துத் திறந்து காட்டினார். உள்ளே பென்சில்கள். முப்பதோ நாற்பதோ இருக்கும். ஒவ்வொன்றின் பின்முனையும் வண்ணம் உரிந்து, மரம் நார் நாராகப் பிரிந்து, பல் தடம் பதிந்து கிடந்தது. பையன்களின் பெயரைக்கூட ஒவ்வொன்றிலும் பொடி எழுத்தில் எழுதியிருந்தார். அடியில் கிடந்த ஒன்று ஏறக்குறைய இரண்டாகவே பிளந்திருந்தது. "இவன் இப்போ எங்கே?" என்றேன். "டெல்லியிலே இவனே வாத்தியார்" என்றார்.

இந்தப் பங்குனியில், பெருவிழாவின் ஏழாம் நாள், தேர் பார்க்க என்னையும் அழைத்துக்கொண்டு போனார். மாடவீதித் திருப்பத்தில் ஜனசமுத்திரம், வடம் பிடித்தவர்கள் "கபாலி! கபாலி!" என்று இழுக்க, தேர் ஆடி அசைந்து வந்தது. எல்லோரும் மேலே பார்த்தார்கள். வாத்தியார் மட்டும் கீழே பார்த்தார். சக்கரத்தோரம் முட்டுக்கட்டையோடு ஓர் இளைஞன் குனிந்து நடந்தான். அவனுக்கு ஓரடி பின்னால், துண்டை இடுப்பில் கட்டிய கிழவர் ஒருவர், கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு. தேர் ஒரு கடையின் தகரக் கூரைப் பக்கமாகச் சாய்ந்து வந்தது. இளைஞன் கட்டையைப் போடவில்லை. இன்னும் இரண்டடி. அப்போதும் போடவில்லை. கிழவரின் கோத்த கைகள் பிரிந்தன, மறுபடி கோத்துக்கொண்டன. வாத்தியார் என் தோளைப் பற்றிய பிடியில் எனக்கு வலித்தது. 'கிறீச்'சென்று கட்டை சக்கரத்தடியில் விழுந்தது. தேர் முனகிக்கொண்டு தலையைத் திருப்பி, தெருவோடு நேராயிற்று. தோள் விடுபட்டது. அதற்குப் பின் தேர் எங்களைக் கடந்துபோய் வெகுநேரம் வரை அவர் அந்தக் கிழவரையே கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டு வாசலில் மாமி கேட்டார்: "சுவாமியை நன்னாப் பார்த்தேளா?"

"நெகடிவ்."

"பின்னே இத்தனை நேரம் எதைப் பார்த்தேளாம்?"

"அந்தப் பெரியவர் வாயிலே ஒரு வேப்பங்குச்சி" என்றார் வாத்தியார். "நார் நாராப் போயிருந்தது."