பாஸ்போர்ட் யார் கையில்?

கே: ஆள்கடத்தல் என்றால் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதுதானே? எங்கள் ஊர்ப் பையன்கள் சிரித்துக்கொண்டேதான் விமானம் ஏறினார்கள். அதிலும் கடத்தல் உண்டா?
– ஒரு வாசகர், பரமக்குடி

ப: உண்டு. ஏறியபோது சிரித்தார்களா என்று சட்டம் பார்ப்பதில்லை. ஏற்றியவர் என்ன சொல்லி ஏற்றினார், எதற்காக ஏற்றினார் என்றுதான் பார்க்கிறது. 2000-இல் ஐ.நா. நிறைவேற்றிய பலேர்மோ நெறிமுறையின் உயிர்நாடி இதுதான். ஏமாற்றியோ மிரட்டியோ, ஒருவரின் இக்கட்டைப் பயன்படுத்தியோ, சுரண்டும் நோக்கத்தில் ஆள் சேர்த்திருந்தால் ‘அவன் சம்மதித்துத்தான் வந்தான்’ என்ற வாதம் செல்லாது. 18 வயது நிரம்பாதவர் என்றால் ஏமாற்றியதாகக்கூட நிரூபிக்க வேண்டாம்.

கே: இந்தியா பலேர்மோ நெறிமுறையில் கையெழுத்துப் போட்டுவிட்டதே, பிறகென்ன குறை?
– சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி

ப: 2011-இல் முறைப்படி ஏற்றுக்கொண்டோம். 2013-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370-ஆம் பிரிவைத் திருத்தினோம். ஆனால் நெறிமுறையில் இருந்த ‘கட்டாய உழைப்பு’ என்ற சொல் நம் வரையறையில் ஏறவில்லை. அந்தப் பிரிவு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆம் பிரிவாகிவிட்டது. புதிதாகப் பிச்சையெடுக்க வைப்பதைச் சேர்த்தார்கள், கட்டாய உழைப்பை அப்போதும் சேர்க்கவில்லை. ‘உடல்ரீதியான சுரண்டல்’, ‘அடிமைத்தனத்துக்கு ஒப்பான நிலை’ என்ற சொற்களுக்குள் அதை அடக்கி வாதாடலாம். வக்கீல் கெட்டிக்காரராக இருந்தால் வெல்லவும் வெல்லலாம். ஏழையின் வழக்கு வக்கீலின் கெட்டிக்காரத்தனத்தை நம்பி நிற்கக் கூடாது என்பதுதான் என் வருத்தம். கடத்தலுக்குக் குறைந்தது 7 ஆண்டு சிறை. சட்டவிரோதமாகக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கும் குற்றத்துக்கு அதிகபட்சமே ஓராண்டுதான். போலீஸ் எந்தப் பிரிவில் எஃப்.ஐ.ஆர். போடுகிறது என்பதில் முதலாளியின் தலையெழுத்தே மாறிப்போகும்.

கே: குறைந்த கூலி கொடுப்பதும் கட்டாய உழைப்பா?
– கட்டடத் தொழிலாளி, ஓசூர்

ப: சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே என்றால், ஆம். 1982 ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் மைதானமும் பாலமும் கட்டியவர்களுக்கு நாள் கூலி 9 ரூபாய் 25 காசு. அதில் ஒரு ரூபாயை ஆள் பிடித்து வந்த ஜமாதார் எடுத்துக்கொண்டார். உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. பசி விரட்டும்போது ஒருவன் குறைந்த கூலிக்கு ஒத்துக்கொள்வது விருப்பமாகாது, பசியும் ஒரு கட்டாயம்தான் என்றார் நீதிபதி பகவதி. கட்டாய உழைப்பைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அன்று அந்த ஒரு ரூபாய்க்காகப் பேசியது.

கே: படித்தவன், கைத்தொழில் தெரிந்தவன் ஆள்கடத்தலில் மாட்டுவானா?
– ஐ.டி.ஐ. ஆசிரியர், நாகர்கோவில்

ப: அமெரிக்காவுக்குப் போன வெல்டர்களின் கதையைச் சொல்கிறேன், உங்கள் மாணவர்களுக்கும் சொல்லுங்கள். கத்ரீனா புயல் முடிந்த கையோடு, மிசிசிப்பியிலும் டெக்சாஸிலும் இருந்த சிக்னல் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் இந்தியாவிலிருந்து சுமார் 500 வெல்டர்களையும் பைப் ஃபிட்டர்களையும் வரவழைத்தது. குடும்பத்தோடு குடியேற கிரீன் கார்டு உண்டு என்று வாக்குக் கொடுத்தார்கள். அதற்காக ஆளுக்கு 10,000 டாலருக்கு மேல், சிலர் 20,000 வரை கட்டினார்கள். வட்டிக்கு வாங்கியும், இருந்ததை விற்றும் கட்டிய பணம். போய்ச் சேர்ந்த இடத்தில் கையில் இருந்தது சில மாதத் தற்காலிக விசா. ஒரே டிரெய்லரில் 24 பேர். தங்க இடமும் சாப்பாடும் என்று சொல்லி மாதம் 1,050 டாலரைச் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலையை விட்டால் விசா போகும், ஊருக்குத் திரும்பினால் கடன்காரன் வாசலில் நிற்பான். பூட்டே தேவைப்படாத சிறை அது.

2008 மார்ச்சில் அவர்கள் கூட்டமாக வெளிநடப்புச் செய்தார்கள். நியூ ஆர்லியன்ஸிலிருந்து வாஷிங்டன் வரை போய் உண்ணாவிரதம் இருந்தார்கள். 2015-இல் ஜூரிகள் முதல் ஐந்து பேருக்கு மட்டும் 1 கோடியே 40 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தார்கள். பாதிக்கப்பட்டவரே கடத்தியவர்மீது நஷ்டஈட்டு வழக்குப் போடலாம் என்று அமெரிக்கச் சட்டத்தில் 2003-இல் சேர்த்த ஒரு பிரிவு கொடுத்த பலம் அது. அப்படி ஒரு பிரிவு எல்லா நாட்டுச் சட்டத்திலும் வேண்டும்.

கே: ஆள் சேர்த்தது ஒரு நாடு, கொடுமை நடந்தது இன்னொரு நாடு. யார் விசாரிப்பது?
– ஓய்வுபெற்ற தலைமைக் காவலர், வேலூர்

ப: இரண்டு பேரும். 2001-இல் ரஷ்யாவிலிருந்து ‘கலைஞர்’ விசாவில் சைப்ரஸ் போன 20 வயதுப் பெண் கேபரே வேலையை விட்டு ஓடினாள். முதலாளி அவளைத் தேடிப் பிடித்துக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார். போலீஸ் அவளைத் தனியாக உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை, திரும்ப அவரிடமே ஒப்படைத்தது. விடிவதற்குள் மாடியிலிருந்து விழுந்து இறந்து கிடந்தாள். அவள் அப்பா சும்மா இருக்கவில்லை. 2010-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், பாதுகாக்கத் தவறியது சைப்ரஸின் குற்றம் என்றது. அவளை அனுப்பிவைத்தவர் யார் என்று விசாரிக்காதது ரஷ்யாவின் குற்றம் என்றது. ஆள் அனுப்பும் நாடு ‘எங்கள் எல்லையில் ஒன்றும் நடக்கவில்லை’ என்று கையை விரிக்க முடியாது. நீங்கள் காவல் துறையில் இருந்தவர். அன்றிரவு அந்த நிலையத்தில் ஒருவர் அவளிடம் கால் மணி நேரம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கே: மியான்மரில் இணைய மோசடி செய்தவர்களைப் பாவம் என்கிறீர்களா? என் பணமும் போயிருக்கிறது.
– ஒரு வாசகி, கோவை

ப: உங்கள் கோபம் நியாயமானது, அது சரியான ஆளிடம் போய்ச் சேர வேண்டும். பாங்காக்கில் டேட்டா என்ட்ரி வேலை என்று நம்பிப் போனவர்களைத் தாய்லாந்து எல்லையில் ஆற்றைக் கடக்க வைத்து மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, டார்கெட் முடிக்காவிட்டால் அடித்தார்கள். மியான்மரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இப்படிச் சிக்கியிருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் சொன்னது. 2022-இல் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அங்கே தவித்தபோது முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்களை விமானப்படை அழைத்து வந்தது. கட்டாயத்தின் பேரில் செய்த குற்றத்துக்குத் தண்டிக்காமல் விட அதிகாரிகளுக்கு வழி இருக்க வேண்டும் என்கிறது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2014 நெறிமுறை. இலங்கை 2019-இல் அதை ஏற்றது. இந்தியா இன்னும் ஏற்கவில்லை, ஏற்க வேண்டும். தப்பி வருபவனைக் கைதியாக நடத்தினால் முதலாளியைக் காட்டிக்கொடுக்க ஒருவனும் வாய் திறக்க மாட்டான்.

கே: சட்டை வாங்குகிற நாடு நமக்குச் சட்டம் போடலாமா?
– பின்னலாடை உற்பத்தியாளர், திருப்பூர்

ப: தன் துறைமுகத்துக்குள் எது வரலாம் என்று அந்த நாடு சொல்லலாம். கட்டாய உழைப்பில் செய்த பொருளைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 1930-லேயே வந்தது. உள்நாட்டில் போதுமான அளவு கிடைக்காத பொருளுக்கு விதிவிலக்கு வைத்திருந்ததால் அது தூங்கிக் கிடந்தது. 2016-இல் விதிவிலக்கை நீக்கியதும் விழித்துக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தடை 2027 டிசம்பரில் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் வெறும் தடை என்றால் முதலில் வேலை இழப்பது தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்தான். 2022-இல் அமெரிக்கச் சுங்கத்துறை திண்டுக்கல் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றின் சரக்கை நிறுத்தியது. ஒன்றரை மாதத்துக்குள் தடை விலகியது. அதற்கு முன்பே பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கம் ஆலையோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் திண்டுக்கல் ஒப்பந்தம் போட்டிருந்தது. அதன்படி தொழிலாளிகளே தளத்தில் கண்காணித்தார்கள், பிராண்டுகளும் அதற்குக் கட்டுப்பட வேண்டியிருந்தது. நீங்கள் பயப்படுவதற்குப் பதில் அந்த ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள்.

கே: கடனுக்கு ஆளைக் கட்டிவைப்பது வெள்ளைக்காரன் காலத்தோடு போகவில்லையா?
– ஒரு வாசகர், ஹட்டன்

ப: உங்கள் ஊரில் கேட்டால் ‘துண்டு’ என்பார்கள். ஆள் பிடித்து வந்த கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டினால் ஆட்களை விடுவேன் என்று தோட்டத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு. ஆள் மாறினாலும் கடன் மாறாது, அடுத்த தோட்டத்துக்கும் கூடவே வரும். 1921-இல் அதைத் தடை செய்தார்கள். சீட்டுத்தான் போனது, வழக்கம் போகவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு செங்கல் சூளையில் ஓர் அம்மா என்னிடம் நாற்பது பக்க நோட்டு ஒன்றைக் காட்டினார். முதல் பக்கத்தில் அட்வான்ஸ். அடுத்தடுத்த பக்கங்களில் அரிசி, ஊசி, பிரசவச் செலவு. கழித்த கணக்கு எங்கே என்று கேட்டேன். அது மேஸ்திரி நோட்டில் இருக்கிறது என்றார்.

கே: தம்பிக்கு வளைகுடாவில் டிரைவர் வேலை. விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் ஏஜென்ட். 1,80,000 கேட்கிறார். அனுப்பட்டுமா?
– ஒரு அக்கா, கடலூர்

ப: அனுப்பாதீர்கள் அம்மா. விசிட் விசாவில் வேலை செய்தால் அந்த ஊர்ச் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி உங்கள் தம்பிதான், ஏஜென்ட் இல்லை. பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாய், அதன்மேல் ஜி.எஸ்.டி., அவ்வளவுதான். தொழிலாளியிடம் கட்டணமே வாங்கக் கூடாது என்பது உலகத் தொழிலாளர் நெறி. நாம் இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இ-மைக்ரேட் தளத்தில் சரிபாருங்கள். வேலை ஒப்பந்தத்தைத் தம்பி கிளம்பும் முன்பே வாங்கிப் படியுங்கள். சந்தேகம் இருந்தால் 1800 11 3090-க்குப் பேசுங்கள், கட்டணம் இல்லை. கேட்ட தொகை முழுவதற்கும் ரசீது எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் பேனாவை எடுக்கிறாரா என்று பார்த்துவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.