மச்சான் இல்லாத கடல்

மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள். பாறை முகட்டில் தேனெடுக்கத் தொங்குகிறவனின் கயிற்றை மனைவியோடு பிறந்தவன் பிடித்தால்தான் நம்பிக்கையாம். தங்கையின் தாலிக்காகவாவது கையை விடமாட்டான். முத்துக்குளித்தவர்களும் கல்லில் காலை வைத்து இறங்கும்போது கயிற்றின் மறுமுனையைத் தோணியில் ஒருவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்கினார்கள். ஸ்கூபாவில் கயிறே கிடையாது. முதுகில் சிலிண்டர், வாயில் ரெகுலேட்டர், பக்கத்தில் முன்பின் தெரியாத ஓர் இன்ஸ்ட்ரக்டர். என் மச்சான் கோயம்புத்தூரில் மோட்டார் பம்ப் விற்கிறான். தண்ணீரை மேலே கொண்டுவருவதுதான் அவன் தொழில், என்னை அல்ல.

ஆகவே அந்தமானில், ஹேவ்லாக் தீவில், நானே ஆள் பார்க்கக் கிளம்பினேன். அரசாங்கக் காகிதங்களில் 2018 முதல் அது சுவராஜ் த்வீப். ஸ்கூபா கடைகளில் மட்டும் இன்னும் ஹேவ்லாக்தான்.

முதல் கடையில் கையெல்லாம் பச்சை குத்திய தம்பி ஒருவர். நம்மூர்க்காரர். என் மனைவிக்கு அந்த ஒரு தகுதியே போதுமாக இருந்தது. "ராமநாதபுரமாம்ங்க, நல்ல பையனா தெரியுது" என்று பாதி முடிவெடுத்துவிட்டாள். தண்ணீருக்குள் யாருக்கும் பேச்சே வராது என்னும்போது எந்த ஊராக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. மருத்துவப் படிவத்தை நீட்டினார். ஆஸ்துமா உண்டா, மாரடைப்பு வந்ததுண்டா, காதில் அறுவைசிகிச்சை நடந்ததா என்று போகும் அந்தப் படிவத்தில் 45 வயதைத் தாண்டியவர்களுக்கென்று தனியாகவே ஒரு பகுதி வைத்திருக்கிறார்கள். கொலஸ்ட்ரால், ரத்த அழுத்தம் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கின்றன. என் குடும்ப வரலாற்றை இவ்வளவு சுருக்கமாக யாரும் எழுதியதில்லை. நான் பேனாவைத் திறந்ததுமே தம்பி சொன்னார்: "எல்லாத்துக்கும் 'நோ' போட்டுருங்க அங்கிள். ஒண்ணுல 'யெஸ்' வந்தாலும் டாக்டர் லெட்டர் கேப்பாங்க. எதுக்கு டென்ஷன்?"

எனக்கு டென்ஷன் அப்போதுதான் ஆரம்பித்தது.

"எவ்வளவு ஆழம் தம்பி?"

"உங்களுக்காக 20 மீட்டர் போலாம் அங்கிள்."

சான்றிதழ் இல்லாமல், ஒரு நாள் ஆசைக்கு இறங்குகிறவர்களுக்கு 12 மீட்டர்தான் எல்லை. ஓப்பன் வாட்டர் பயிற்சியை ஒழுங்காக முடித்தவர்களுக்கே 18. எனக்காகக் கூடுதலாகக் கொடுக்கக்கூடிய எத்தனையோ பொருள் உலகத்தில் இருக்க, ஆழத்தைப் போய்க் கொடுக்கிறாரே! படகில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று கேட்டேன். முதுகில் மாட்டும் சிலிண்டரைத் தட்டிக்காட்டி, "ஃபுல்லா இருக்கு அங்கிள்" என்றார். அதில் இருப்பது நாம் தெருவில் சும்மா சுவாசிக்கும் அதே காற்று, அழுத்தி அடைத்தது. ஆபத்துக்கான ஆக்சிஜன் படகில் தனிப் பெட்டியில் இருக்க வேண்டும். இந்தக் கேள்விக்குச் சிலிண்டரைத் தட்டுகிறவர் கடையில் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை என்பது என் முடிவு.

அடுத்த கடையில் ஆல்பம் காட்டினார்கள். ஆல்பத்தைப் போல உண்மை பேசும் பொருள் வேறில்லை. கடலுக்குள் கட்டைவிரலை உயர்த்தினால் 'மேலே போகலாம்' என்று அர்த்தம்; நன்றாக இருக்கிறேன் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வளையமாகச் சேர்க்க வேண்டும். அந்த ஆல்பத்தில் பாதிப் பேர் கட்டைவிரலை உயர்த்திக்கொண்டு நின்றார்கள். ஒன்று, அவர்களுக்கு யாரும் சைகை சொல்லிக்கொடுக்கவில்லை. அல்லது, 'என்னை மேலே கொண்டுபோ' என்று அவர்கள் கெஞ்சக் கெஞ்ச, போட்டோ எடுத்தவர் 'சூப்பர் சார், இன்னொண்ணு' என்று எடுத்துத் தள்ளியிருக்கிறார்.

அங்கிருந்தவர் தன்னை இன்ஸ்ட்ரக்டர் என்றார். கடலுக்குள் கூட்டிப்போகிறவர் எல்லாரும் இன்ஸ்ட்ரக்டர் இல்லை. டைவ்மாஸ்டர் என்றொரு படி உண்டு. அவர் ஏற்கனவே கற்றுத் தேர்ந்தவர்களுக்கு வழிகாட்டலாம், ஓப்பன் வாட்டர் பயிற்சி நடத்த முடியாது. 1966இல் தொடங்கிய பாடி, அதற்கு நான்கு வருடம் இளைய எஸ்எஸ்ஐ போன்ற அமைப்புகள் ஒவ்வொரு இன்ஸ்ட்ரக்டருக்கும் ஓர் எண் கொடுத்திருக்கின்றன. பாடியின் இணையதளத்தில் எண்ணைப் போட்டால் ஆளின் தகுதி தெரிந்துவிடும். எண்ணைக் கேட்டு வாங்கிப் போனில் தட்டினேன். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடிக் கேபிள் 2020இலேயே வந்துவிட்டது. எனக்கு முன்னால் முங்கியது அதுதான். ஆனாலும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. அது திறப்பதற்குள் அவருக்கு அவசரமாக ஒரு போன் வந்து, பேசிக்கொண்டே கடற்கரைப் பக்கம் போய்விட்டார்.

மூன்றாவதாகக் கிடைத்தவர் மராட்டியப் பெண். முகத்தில் சிரிப்பு என்ற பொருளே இல்லை. பேசியதெல்லாம் இந்தி. எனக்கு இந்தி வராது. என் மனைவி பள்ளிக்கூடத்துக் காலத்தில் மத்யமா வரை தேறியவள், அதை இத்தனை வருடம் கழித்து என்மேல் பிரயோகித்தாள். அந்தப் பெண் ஐந்து நிமிடம் கைகால் ஆட்டி விளக்குவார். இவள், "மூக்க நல்லா சிந்திட்டு வரச் சொல்றா" என்று ஒரே வரியில் முடித்துவிடுவாள்.

பணத்தைப் பற்றி அந்தப் பெண் வாயே திறக்கவில்லை. ஊருக்கு ஃப்ளைட் என்றைக்கு என்றுதான் முதலில் கேட்டார். கடைசியாக முங்கி எழுந்த பிறகு 18 மணி நேரமாவது விமானம் ஏறாமல் இருப்பது நல்லது; உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவகாசம் வேண்டும். அப்புறம், நீச்சல் எங்கே கற்றேன் என்று கேட்டார். கிணற்றில் என்றேன். மொழிபெயர்ப்பு போய்ச் சேர்ந்ததும் முதல்முறையாக அவர் முகத்தில் கவலை தெரிந்தது.

கவலை நியாயமானது. எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்த சித்தப்பா, இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டிக் கிணற்று மேட்டிலிருந்து தள்ளிவிடுவார். பாடத்திட்டம் அவ்வளவுதான். அதற்கப்புறம் பரீட்சை: யார் உள்நீச்சலில் அதிக நேரம் தம் கட்டுகிறார்கள் என்பது. ஸ்கூபாவில் தம் கட்டினால் தீர்ந்தது கதை. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரலுக்கு அந்த அளவுக்குத் தாராள மனசு கிடையாது. அதனால் முதல் விதியே மூச்சை நிறுத்தாதே என்பதுதான். எங்கள் ஊர்க் கிணற்றுச் சாம்பியன்கள் எல்லாரும் இந்தப் பாடத்தில் ஃபெயில்.

நெஞ்சளவுத் தண்ணீரில் நிற்க வைத்து, முகக் கண்ணாடிக்குள் தண்ணீர் விட்டு, மூக்கால் ஊதி வெளியேற்றச் சொன்னார். திரும்பவும் சொன்னார். எனக்குக் கொட்டாவி வரும்வரை சொன்னார். பக்கத்துக் கடை ஆட்கள் எங்களுக்குப் பின்னால் வந்து, கடலுக்குள் போய், போட்டோவோடு திரும்பியும் விட்டார்கள். அப்போதுதான் இவர்தான் ஆள் என்று எனக்கு உறுதியானது. என்னைக் கேட்டால், சலிப்பூட்டாத இன்ஸ்ட்ரக்டரை நம்பவே கூடாது. உற்சாகம் கரைக்குத்தான் சரி.

மறுநாள் காலை படகு ஏறும் நேரத்தில் எனக்கு ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தார். மாத்திரை போட்டிருக்கிறேன், பிரச்சினை இல்லை என்று சொல்லச் சொன்னேன். மனைவி சொன்னாள். அது இன்னும் மோசமாம். மாத்திரையின் வேகம் ஆழத்தில் இருக்கும்போது குறைந்துவிட்டால், மேலே வரும்போது காதிலும் சைனஸிலும் காற்று மாட்டிக்கொள்ளும்.

"என்ன சொல்றாங்க?"

"நீங்க படகுலயே உக்காரணுமாம். நா போறேன்."

கட்டிய கணவனைத் தும்மலுக்காக விட்டுவிட்டுப் போனவள், முக்கால் மணி நேரம் கழித்து மேலே வந்தாள். கண்ணாடியைக் கழற்றுவதற்குள் இரண்டு கையையும் விரித்து, "இத்தாம் பெரிய மீனுங்க!" என்றாள்.

தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத்தான் தெரியும், ஒளி விலகல் என்று விளக்கினேன். மேலே உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த அளவுக்காவது உரிமை உண்டு.

"அப்படியா?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள். "அப்ப உங்க இன்க்ரிமென்ட் லெட்டரையும் ஒரு தடவ உள்ள எடுத்துட்டுப் போய்ப் பாத்துடணும்."