நெரிசலின் தோற்றமும் ஒடுக்கமும்: பாலாற்றுப் பாலத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுக் களம்: காணும் பொங்கலுக்கு மறுநாள், சென்னை நோக்கிய ஜி.எஸ்.டி. சாலை, மாமண்டூரை அடுத்த பாலாற்றுப் பாலம். ஆய்வாளர்: பஸ்ஸில் ஜன்னலோரம் வேறு வழியின்றி உட்கார்ந்திருந்தவர். கருவி: ஜன்னல் வழியே வாங்கிய வேர்க்கடலை. நிதானமாகக் கொறித்தால் ஒரு பொட்டலம் 20 நிமிடம் வரும். இவ்வாய்வில் காலம் பொட்டலத்தால் அளக்கப்படுகிறது.

1. வழங்கிவரும் கோட்பாடுகள்

“முன்னாடி என்னப்பா ஆச்சு?” என்பதே இத்துறையின் மூலக் கேள்வி. எங்கள் பஸ்ஸுக்குள்ளேயே இதற்கு மூன்று மரபுகள் உண்டு. “லாரி கவுந்திருக்கும்” என்பது விபத்துவாதம். “எவனோ பெரிய ஆள் போறான்” என்பது மந்திரிவாதம். “பண்டிகைன்னா அப்படித்தான் சார்” என்பது நடத்துநரின் ஊழ்வாதம். மூன்று பொட்டலம் ஊர்ந்து பாலத்தைத் தாண்டினோம். லாரியும் கவிழவில்லை, மந்திரியும் போகவில்லை. ரோடு துடைத்துவிட்டதுபோல் கிடந்தது. ஊழ்வாதம் ஒன்றே தப்பிப் பிழைத்தது.

2. மூல நூல்கள்

1955இல் லைட்ஹில், விட்ஹம் என்ற இரு பிரிட்டிஷ் கணிதவியலாளர்கள் இரண்டு பகுதிகளாக ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் பகுதி, நீண்ட ஆறுகளில் வெள்ளம் நகர்வது பற்றி. இரண்டாவது, நெரிசலான நீண்ட சாலைகள் பற்றி. இரண்டுக்கும் அடிப்படைக் கணக்கு ஒன்றே. இதை மெய்ப்பிக்க நம் பாலாற்றைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இங்கே ஆண்டின் பெரும்பகுதி வெள்ளம் பாலத்துக்கு மேலேதான் ஓடுகிறது.

3. தோற்றம்

ஜப்பானில் யூகி சுகியாமா குழுவினர் 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓட்டச் சொன்னார்கள். சிக்னல் இல்லை, டோல்கேட் இல்லை, குறுக்கே மாடும் இல்லை. ஆனாலும் சிறிது நேரத்தில் சில கார்கள் நின்று நின்று போக ஆரம்பித்தன. 2008இல் வெளியான இந்த முடிவு விபத்துவாதிகளின் தலையில் விழுந்த இடி.

நடப்பது இதுதான். முன்னால் போகிறவர் பிரேக்கைச் சும்மா தொடுகிறார். பின்னால் வருபவர் அதைக் கொஞ்சம் தாமதித்துப் பார்ப்பதால் கூடுதலாக மிதிக்கிறார். அவருக்குப் பின்னவர் இன்னும் கூடுதலாக. வண்டிகள் நெருக்கமாக வந்தால் இருபதாவது ஆள் நின்றே விடுகிறார். மாமண்டூரில் இதற்குக் கூடுதல் ஏற்பாடு ஒன்று உண்டு. ஓரத்து மண்ணில் இறங்கி முந்தி வந்தவர்கள் எல்லாரும், பாலத்தின் கைப்பிடிச் சுவர் தொடங்கியதும் மறுபடி தார் ரோட்டில் ஏறித்தான் ஆக வேண்டும்.

இன்னொரு கண்டுபிடிப்பு: ஜப்பானியச் சோதனையில் நெரிசல் அலை மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கிப் போனது. அதாவது நாம் சென்னைக்கு வர வர, நெரிசல் மதுராந்தகம் பக்கம் போகிறது. லீவு முடிந்தும் ஊருக்குத் திரும்பக் கொடுத்துவைத்தது அது ஒன்றுதான்.

4. ஒடுக்கம்

நெரிசல் தலைப்பக்கம் ஒவ்வொரு வண்டியாகக் கரைகிறது. வால்பக்கம் ஒவ்வொரு வண்டியாக வளர்கிறது. கரைவதைவிட வந்து சேர்வது குறைந்தால்தான் தீரும். ஹார்ன் அடிப்பதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. லண்டனைச் சுற்றும் எம்25 சாலையில் 1995 முதல், கூட்டம் கூடும்போது வேக வரம்பைக் குறைத்துக் காட்டும் பலகைகள் வைத்தார்கள். எல்லாரும் சற்று மெதுவாக, சீராக வந்தால் யாரும் சடாரென்று மிதிக்க வேண்டியதில்லை.

ஆக, மருந்து இடைவெளி. நம்மூரில் அது பட்டா இல்லாத புறம்போக்கு. எங்கள் டிரைவர் ஒரு கார் நீளம் விட்டுப் பார்த்தார். ஒரு காரும் இரண்டு பைக்குகளும் உடனே குடியேறின. “இடம் விட்டா சொருகத்தாண்ணே செய்வான்” என்று பின் சீட்டிலிருந்து தீர்ப்பு வந்தது.

5. பரிந்துரை

முன் வண்டிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு விநாடி இடம் விடுங்கள். யாராவது சொருகினால் சொருகட்டும். அவர் உங்களுக்கு முன்பே பெருங்களத்தூர் போய்ச் சேர்வதெல்லாம், பொட்டலக் கணக்கில், ஒரே ஒரு கடலை.