அழவைத்து ஆடவைத்த மொழி

இத்திஷ் மொழி ஜெர்மனா, ஹீப்ருவா? ஏதாவது ஒரு பக்கம் நிற்கட்டுமே!

எங்கேயும் நிற்கவிடாமல் விரட்டப்பட்டவர்களின் மொழியாயிற்றே, எப்படி நிற்கும்? சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ரைன் நதிக்கரை யூதர்கள் பேசிய ஜெர்மன்தான் அடித்தளம். ஹீப்ரு, அரமேயச் சொற்கள் கலந்தன. கிழக்கே போனதும் போலிஷ், உக்ரைனியச் சொற்களும் சேர்ந்தன. எழுத்து மட்டும் ஹீப்ருதான்.

தேதி தெரிந்த முதல் இத்திஷ் வாக்கியம் எந்தக் காவியத்தில் இருக்கிறது?

காவியத்தில் இல்லை, காலி இடத்தில்! 1272-ல் எழுதிய, 'வோர்ம்ஸ்' என்ற பெயர் கொண்ட யூத ஜெபநூலில், பெரிய ஹீப்ரு எழுத்துகளின் நடுவே இருந்த இடைவெளிகளில் எழுதியிருக்கிறார்கள். கனமான அந்த நூலைச் சுமந்து செல்பவருக்கு ஒரு வாழ்த்து அது.

சரி, இத்திஷ் பேசியவர்களின் கல்யாண இசையான கிளெஸ்மரில் கிளாரினெட் அழுகிறதா, சிரிக்கிறதா?

கல்யாண இசையில் இரண்டும் இல்லாமலா? கிழக்கு ஐரோப்பிய யூதத் திருமணங்களில், சடங்குக்கு முன் மணப்பெண்ணை அழவைத்த வாத்தியக்காரர்களே, முடிந்ததும் ஊரை ஆடவைத்தார்கள். முதலில் ராஜா வயலின்தான். 19-ஆம் நூற்றாண்டில் கிளாரினெட் வந்து சேர்ந்தது.

செத்த மொழிக்கு எதற்கு இத்தனை பேச்சு?

செத்த மொழியா 1978-ல் இலக்கிய நோபல் வாங்கியது? ஐசக் பாஷெவிஸ் சிங்கர் எழுதியது இத்திஷில்தான். அந்த மொழி தானாகத் தேயவில்லை. நாஜிகள் கொன்ற சுமார் 60 லட்சம் யூதர்களில் பெரும்பாலோரின் மொழி அது. இன்றும் நியூயார்க்கின் புரூக்ளினில் ஹசிடிக் என்ற பழமைவாத யூதப் பிரிவின் குழந்தைகள் இத்திஷில்தான் சண்டை போடுகிறார்கள். குழந்தைகள் சண்டை போடும் மொழிக்கு ஆயுள் கெட்டி!