உதகை ஏரி மோட்டார் படகின் பின்பக்கத் தாரை: ஒரு முன்னோடி ஆய்வு

1. ஆய்வுச் சிக்கல்

கடல் மட்டத்துக்குச் சுமார் 2,240 மீட்டர் மேலே, மே மாதத்திலும் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாயுமாக ஜனங்கள் நடமாடும் ஊரில், சூடு தாங்காமல் மயங்கி விழும் பிராணி ஒன்று உண்டு. அது வசிப்பதோ ஏரியில். உதகையைப் பற்றி மலர்க் கண்காட்சி முதல் வர்க்கி வரை எழுதிக் குவித்த அறிஞர்கள், மோட்டார் படகின் எஞ்சினை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள் என்பது தனி ஆய்வுக்குரியது.

2. முந்தைய நிலை

ஜான் சல்லிவன் 1823–25இல் ஓடைகளை மறித்து இந்த ஏரியை உண்டாக்கினார். அன்றைய ஏரி இன்னும் பெரிது. இப்போதைய பஸ் ஸ்டாண்டும் பழைய குதிரைப் பந்தய மைதானமும் அதன் வயிற்றில்தான் உட்கார்ந்திருக்கின்றன. எனவே பஸ் ஸ்டாண்டில் ரேடியேட்டருக்கு ஊற்றக் குடம் தேடும் டிரைவர், வரலாற்று நோக்கில், ஏரிக்குள் நின்றுகொண்டே தண்ணீருக்கு அலைகிறார்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீராவி எஞ்சினும் வழியில் நின்று நின்று தண்ணீர் பிடிக்கிறது. ஆனால் அதற்குத் தண்ணீர் கொதித்தால்தான் பிழைப்பு. படகு எஞ்சினுக்குக் கொதித்தால் கதை முடிந்தது.

3. வகைப்பாடு

தொல்காப்பியர் உயிர்களை அறிவின்படி ஆறாகப் பகுத்தார். இவ்வாய்வு படகுகளை வியர்வையின்படி மூன்றாகப் பகுக்கிறது. துடுப்புப் படகில் வியர்ப்பவர் படகுக்காரர். மிதிபடகில் வியர்ப்பவர் தேனிலவு வந்த இருவரில் ஒருவர். மற்றவர் போட்டோ எடுத்துக்கொண்டிருப்பார். மோட்டார் படகில் வியர்ப்பது எஞ்சின். அந்த வியர்வைக்கு வேண்டிய தண்ணீரை அது ஏரியிலிருந்தே கடன் வாங்குகிறது.

4. உறுப்பியல்

படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு எஞ்சினில், தண்ணீருக்குள் இருக்கும் காலில் சிறு சல்லடைத் துளைகள் உண்டு. உள்ளே பம்பில் இம்பெல்லர் என்கிற ரப்பர்ச் சக்கரம் இதழ்களை மடக்கிச் சுழன்று ஏரித் தண்ணீரை மேலே ஏற்றும். தண்ணீர் எஞ்சினைச் சுற்றிவந்து சூட்டோடு வெளியேறும். அதில் ஒரு பங்கு மட்டும் பென்சில் கனத்துக்குப் பின்பக்கம் தாரையாகப் பீய்ச்சும்.

படகுக்குள் பொருத்திய டீசல் எஞ்சின்கள் பலவற்றில் இரண்டு தண்ணீர் உண்டு. கூலன்ட் கலந்தது எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஏரித் தண்ணீர் ஹீட் எக்ஸ்சேஞ்சரில் அதன் சூட்டை வாங்கிக்கொண்டு புகையோடு வெளியே போகும். உதகை உயரத்தில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதனால்தான் அங்கே குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. கூலன்ட் தொட்டியின் அழுத்த மூடி, குக்கர் வெயிட் செய்யும் வேலையையே செய்து கொதிநிலையை உயர்த்துகிறது. அந்த மூடியின் ரப்பர் வாஷர் தேய்ந்தால், சென்னையில் தாக்குப்பிடிக்கும் எஞ்சின் உதகையில் பொங்கிவிடும்.

5. நோய்க்கூறு

ஏரித் தண்ணீரின் குளிர்ச்சியில் குறையில்லை. குறை அதன் உடன்பயணிகளில். ஆகாயத்தாமரையின் வேர், சேறு, தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் பை ஆகியவை துளையை அடைக்கும். சட்டப்படி இல்லாத பை படகின் வாயில் எப்படி இருக்கிறது என்பது தத்துவத் துறைக்குரிய கேள்வி. தண்ணீர் வராவிட்டால் இம்பெல்லர் வறண்டு சுழலும். தண்ணீர்தான் அதற்கு மசகும் ஆகையால், சில நிமிடங்களுக்குள் இதழ்கள் கருகிப் பிய்ந்துவிடும்.

6. களச்சான்று

பயணிகள் அனைவரும் முன்னே பார்க்கிறார்கள்; ஓட்டுநர் அடிக்கடி பின்னே பார்க்கிறார்.

“அண்ணா, பின்னால தண்ணி ஒழுகுதே, ஓட்டையா?”

“ஒழுகுற வரைக்கும் நல்லதுங்க. நின்னாத்தான் வம்பு.”

ஆய்வாளர் பல பக்கங்களில் நிறுவ முயன்ற கோட்பாட்டை ஓட்டுநர் இரண்டே வாக்கியத்தில் முடித்துவிட்டார். தாரை மெலிந்தால் அவர் வேகத்தைக் குறைத்து, எஞ்சினை நிறுத்தி, அதன் காலைத் தூக்கித் துளையில் சிக்கிய வேரை விரலால் இழுத்துப் போடுகிறார். மீண்டும் பீய்ச்சுகிறதா என்று பார்த்த பிறகே கிளம்புகிறார். அப்படியும் பீய்ச்சாவிட்டால் தாரை வரும் குழாயில் மெல்லிய கம்பியை விட்டுப் பார்ப்பது வழக்கம். பல நேரம் குற்றவாளி அங்கே சிக்கிய ஒரு துளி மண்தான்.

7. பரிந்துரைகள்

சீசன் கூட்டம் வருவதற்கு முன்பே, மார்ச்சில் இம்பெல்லரை மாற்றிவிட வேண்டும். புதியதைச் சோப்புத் தண்ணீர் தடவி, சுழலும் திசைக்கு எதிர்ப்புறமாக இதழை மடக்கிச் செருகுவது மரபு. பழையதைக் குப்பையில் போடுமுன் இதழ்களை எண்ணுக. ஆறில் ஐந்துதான் இருந்தால், காணாமற்போனது கரைந்துவிடவில்லை. தண்ணீர் போன வழியில் ஏதோ ஒரு முடுக்கில் குறுக்கே உட்கார்ந்திருக்கிறது. அதைத் தேடாமல் புதுச் சக்கரம் பூட்டுகிறவர், அடுத்த சூட்டுக்கு இப்போதே முன்பதிவு செய்கிறார். ஆறாவது இதழ் கைக்கு வரும்வரை பம்பின் மூடியைப் பூட்டலாகாது. இந்த ஒன்றில் மட்டும் ஆய்வாளரும் மெக்கானிக்கும் கருத்து வேறுபடவில்லை.